கேட்டுக்கு அந்தப் பக்கம்

மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் வந்த இருவரையும் தர்மராஜ் கையை நீட்டி நிறுத்தினார். ஊதா ரிப்பனில் பொன் நிறத்தில் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்துகளை ஒருமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

தர்மராஜ். ஆழ்ந்த இரங்கல். கெமாஸ் லோக்கோ ஷெட் நண்பர்கள்.

“யாருக்குப்பா இது?”

“இந்த வீட்டுக்குத்தாங்கய்யா. செத்தவருக்கு.”

“செத்தது என் தம்பி மாயாண்டி. தர்மராஜ் நான்.”

பூக்கடைக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ, “உசுரோட இருக்கறவருக்கே வளையமா, அட்வான்ஸ் லா” என்றான். இன்னொருவன் இருமிச் சிரிப்பை மறைத்தான். தர்மராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“செவுத்துப் பக்கம் திருப்பி வை. எழுத்து வெளியே தெரியக் கூடாது.”

வந்ததிலிருந்தே எல்லாவற்றையும் அவர்தான் ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். மம்பாவில் மகன் வீட்டிலிருந்து நேற்று வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் கணேசமூர்த்தியிடம் தங்கப் பூப்போட்ட பெட்டியை மாற்றச் சொன்னார். உறுமிமேளக்காரர்களிடம் சினிமாப் பாட்டு கூடாது என்றார். பீர் டின்னோடு காரின் பின்னால் நின்ற இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். இது கங்காணி வீட்டுச் சாவு. தாத்தாதான் கங்காணி, அப்பா வேலையாட்களை மேய்க்கும் வெறும் மண்டோர்தான் என்றாலும், புக்கிட் ஜெரிங் தோட்டம் கடைசிவரை அவர்களைக் கங்காணி வீடு என்றுதான் சொன்னது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, ஆட்கள் டவுனுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் சிதறிய பிறகும் வீட்டின் பெயர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள இப்போது அவர் ஒருவர்தான் இருந்தார்.

மாயாண்டியின் மகள் புனிதா வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்தாள். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அழுது முகம் வீங்கியிருந்தது.

“பெரியப்பா, அந்த வளையம் தப்பா வரல. ரயில் ஷெட்டுல அப்பாவ அப்படித்தான் கூப்டுவாங்க.”

“எப்படி?”

“தர்மராஜ்னு.”

அவர் ஃபிளாஸ்க்கை வாங்காமல் நின்றார்.

“அப்பா உங்ககிட்ட சொன்னதே இல்லையா? ஒங்க பேருக்குத்தான மொதல்ல ரயில்வே கடுதாசி வந்துச்சு. நீங்க வரலன்னு சொல்றதுக்கு தாத்தா அப்பாவ அனுப்பினாராம். அங்க பேரு கூப்பிட்டதும், பதில் சொல்லணுமேன்னு அப்பா கையத் தூக்கிட்டாரு. கூப்பிட்ட ஆளு ஒண்ணும் கேக்காம எஞ்சின்ல ஏத்தி ஒரு சுத்து ஓட்டிக் காட்டிட்டாராம். எறங்கினதுக்கு அப்புறந்தான் அப்பா சொல்லியிருக்காரு, நான் தர்மராஜ் இல்ல, அவரு தம்பி, அவரு வர மாட்டாருன்னு.” புனிதா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். “ஷெட்டே சிரிச்சிச்சாம். அப்புறம் அப்பா சொந்தப் பேர்ல எழுதிப் போட்டு வேலைக்குச் சேந்தாலும், அந்தப் பேருதான் நின்னு போச்சு. பே-ஸ்லிப்புல மாயாண்டி, வாயில தர்மராஜ்.”

“அப்படியா” என்றார் தர்மராஜ்.

அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் அவரைத் தேடி வந்தன. ரயில்வேயில் உதவி டிரைவர் பயிற்சிக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை. அப்பா லயத்து வாசலில் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அங்க எண்ணெச் சட்ட. இங்க வெள்ளச் சட்ட. எது வேணும்?” கேள்வி போலத்தான் இருந்தது. கங்காணி வீட்டு மூத்த மகன் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தோட்டம் முழுக்க முடிவாகிவிட்டிருந்தது. வரச்சொன்ன இடத்துக்குப் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அப்பா தம்பியை அனுப்பினார். மாயாண்டி சாயங்காலம் சைக்கிளில் திரும்பி வந்து, “சொல்லிட்டேண்ணே. அடுத்த எடுப்புக்கு நானும் எழுதிப் போடட்டுமா?” என்று கேட்டான். எஞ்சினில் ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தர்மராஜ் கிராணியானார். வெள்ளைச் சட்டை போட்டார். ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே, ரப்பர் பால்மரங்களுக்கு அப்பால், கிழக்குக்கரை ரயில்பாதை போனது. காலை வண்டி ஊதும்போது, பால் நிறுவைக் கொட்டகையில் வரிசை நின்றாலும், அவர் காதைக் கொடுத்துவிடுவார். சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் ஆபீசில் இருப்பதில்லை. எஞ்சினில் இருப்பார். பஹாவைத் தாண்டுவார், கோலலிப்பிஸில் தண்ணீர் குடிப்பார், குவா மூசாங்கின் குன்றுகளுக்கு நடுவே பனியைக் கிழித்துக்கொண்டு போவார். அவர் மனதுக்குள் எஞ்சின் ஓட்டிய அந்த மனிதருக்கு நல்ல மீசை இருந்தது. இரவு தங்கும் ரன்னிங் பங்களாவில் சக ஓட்டுநர்களோடு கடுங்காப்பி குடித்தார். வழியில் குழந்தைகள் கை அசைத்தால் பதிலுக்கு அசைத்தார். தர்மராஜுக்கு ரத்த அழுத்தம் வந்தது, பல் போனது, மனைவி போனாள். அந்த மனிதருக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அவரைத்தான் தர்மராஜ் கதைகளாக எழுதினார். ஞாயிறு மலர்களில் வந்தன. சிரம்பானில் பொன்னாடை போர்த்தினார்கள். எஞ்சின் படிக்கட்டில் ஒருநாளும் கால் வைக்காதவரை ‘ரயில் எழுத்தாளர்’ என்று மேடையில் அழைத்தார்கள். அவர் எழுந்து, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு மேடையிலும் அதையேதான் சொல்வார்: “நான் உட்கார வேண்டிய இருக்கை அது. குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தேன். இன்று அதில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.” கைதட்டுவார்கள்.

அப்புறம் ஒரு வருடம் தம்பி அந்த இருக்கையிலிருந்து இறங்கிவிட்டான். தானாகவே எழுதிக்கொடுத்து, பட்டறையில் பிரேக் கட்டை மாற்றும் வேலைக்குப் போய்விட்டான். ஏன் என்று தர்மராஜ் கேட்டதற்கு, “முடியலண்ணே” என்றான். வாயில் சாராய வாடை அடித்தது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அதன் பிறகு கல்யாணம் காட்சிகளில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் சொல்வதை மட்டும் அவர் மாற்றவில்லை.

இன்று பெட்டியை எடுப்பதற்கு முன் இரங்கல் உரையும் அவர்தான் பேச வேண்டும். ராத்திரியே மனதில் கோத்து வைத்திருந்தார். இருக்கை அதில் வந்தது. இறங்கியது வரவில்லை.

*

கணேசமூர்த்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தார். “ஐயா, தோட்டத்து மயானத்துல குழி ரெடி. உங்க அப்பா பக்கத்துலயே. எத்தன மணிக்கு எடுக்கலாம்?”

“மூணு மணிக்கு.”

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாயாண்டியின் மனைவி நீலாவதி நிமிர்ந்தாள். காலையிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்களின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு மறுபடி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா.”

“சொல்லும்மா.”

“தோட்டத்துக்கு வேணாம். மின்சுடலைக்குக் கொண்டு போயிரலாம்.”

பெண்களின் பக்கத்தில் விசிறிகள் நின்றன. தர்மராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீலா, நம்ம வீட்டுல எரிக்கிற வழக்கம் இல்ல. அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் அங்கதான் இருக்காங்க. மூணு தலமொற. தோட்டம் கைமாறினப்பகூட மயானத்த விடக் கூடாதுன்னு கமிட்டி போட்டு நின்னவன் நான்.”

“தெரியும் மாமா.”

“அப்புறம் என்ன?”

அவள் கொஞ்ச நேரம் பெட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

“அவரு அந்த ரயில் கேட்டத் தாண்ட மாட்டாரு.”

இது அவருக்கும் தெரிந்ததுதான். பல வருடமாக நெஞ்சில் கிடந்த கோபம் அது. மயானத்துக்குப் போகும் மண்பாதை ரயில்பாதையைக் குறுக்கே கடக்கும். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நினைவு நாளுக்கு உறவெல்லாம் கேட்டைத் தாண்டிப் போய்ப் படையல் போடும். மாயாண்டி கேட்டு வரைக்கும் மோட்டர் சைக்கிளில் வருவான். இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, பூவையும் சூடத்தையும் புனிதாவிடம் கொடுத்து அனுப்புவான். போதையில் வர வெட்கப்பட்டு நிற்கிறான் என்று தர்மராஜ் நினைத்தார். உறவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு வருடம் அவர் கேட்டருகே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “பெத்த அப்பன் குழிக்கு வரக் கூடக் கால் வரலியாடா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். மாயாண்டி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

“உசுரோட இருக்கும்போது தாண்டல” என்றார் இப்போது. “இப்ப அவனுக்கு என்ன? நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க.”

நீலாவதி அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெட்டிப் பக்கம் திரும்பி, முன்பு உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்தாள்.

“மூணு மணி” என்று கணேசமூர்த்தியிடம் சொல்லிவிட்டு தர்மராஜ் வெளியே வந்தார்.

*

கூடாரத்துக்கு வெளியே, சவ வேனின் நிழலில், ஷெட் ஆட்கள் தனியாக நின்றிருந்தார்கள். எல்லாரும் கிழவர்கள். வெளுத்த நீலச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் அவரைக் கண்டதும் சிகரெட்டைக் காலில் நசுக்கிவிட்டு முன்னால் வந்தார். காலையில் பெட்டிக்கு முன் நின்று சிலுவை போட்டுக் கொண்டவர் அவர்தான்.

“நான் மைக்கல்ராஜ்ங்கய்யா. ஒங்க தம்பிக்குச் செகண்டா ஓடினவன். பன்னண்டு வருசம் அவரு வலது பக்கம், நான் இடது பக்கம்.”

“சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, சாவு வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னதற்காகத் தர்மராஜ் தன்மேலேயே எரிச்சல்பட்டார்.

“வளையத்தால ஒங்களுக்குச் சங்கடமாப் போச்சு போல. மன்னிச்சிக்குங்க. எங்களுக்கு அவரு தர்மராஜ்தான். வேற பேரு வாயில வராது.” மைக்கல்ராஜ் கொஞ்சம் தயங்கினார். “ஒங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். ஒங்க கதைங்க எல்லாம் எங்களுக்குப் பாடம். ரன்னிங் பங்களாவுல படுக்கறதுக்கு முன்னால அவருதான் படிச்சிக் காட்டுவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம். ‘டேய், இந்த டிரைவரு பிரேக்கே புடிக்க மாட்டானா, கைய மட்டுந்தான் ஆட்டுவானா’ம்போம். அவரு விட்டுக் குடுக்க மாட்டாரு. ‘எங்கண்ணன் ஓட்டற வண்டிக்கு பிரேக் வேணாம்டா’ம்பாரு.”

தர்மராஜ் புன்னகை செய்ய முயன்றார்.

“ஆனா, அந்த ஒரு கதைக்கு மட்டும் நாங்க வாயத் தொறக்கல. அந்தப் புள்ள கத.”

“எந்தப் புள்ள?”

“லைன் ஓரமா வந்து நின்னு தெனம் கை காட்டுமே. பரிசு வாங்கினது.”

அது தர்மராஜின் புகழ்பெற்ற கதை. தோட்டத்துப் பெண் ஒருத்தி தினமும் காலையில் ரயில்பாதை ஓரமாக வந்து நிற்கிறாள். டிரைவர் ஊதுகிறார், அவள் கை அசைக்கிறாள். ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாள் மாலையும் கழுத்துமாகப் புருஷனோடு வந்து நின்று கை அசைக்கிறாள். அவ்வளவுதான் கதை. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

“அத எழுதினதுக்கு நான் ஒங்க கால்ல விழணும்யா” என்றார் மைக்கல்ராஜ். “அந்தப் புள்ளயப் பத்தி அவரு ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டதாச் சொன்னாரு. அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்டா, நெஞ்சு பாரம் கொறஞ்சிச்சின்னாரு. அப்புறம் பேப்பர்ல கத வந்துச்சு. எல்லாம் அப்படியே இருந்துச்சு, அந்தப் பச்சப் பாவாட, அந்த எடம், பனி. முடிவு மட்டும் இல்ல. நீங்க அந்தப் புள்ளய சாவ விடல.”

வேனின் கண்ணாடியில் தர்மராஜுக்குத் தன் முகம் தெரிந்தது.

“நெசத்துல அது லைன் ஓரத்துல நிக்கல அன்னிக்கு. லைன்லயே நின்னுச்சு. ஒங்க மயானத்துக் கேட்டுக்குப் பக்கத்துல. ஹார்ன் அடிக்கிறாரு, பிரேக்கப் போட்டுட்டாரு. சரக்கு வண்டிங்கய்யா, நிக்குமா? அது இவரு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்திச்சு.” மைக்கல்ராஜ் கையை விரித்துக் காட்டி, உடனே மடக்கிக்கொண்டார். “வண்டி நின்னதும் நாங்க ரெண்டு பேருதான் எறங்கிப் பின்னால நடக்கணும். போலீஸ் வர்ற வரைக்கும் கூட நிக்கணும். அவரு சட்டையக் கழட்டி மூடினாரு. அந்தப் பனியில வெத்து ஒடம்போட நின்னாரு. அதுக்கு அப்புறம் ஒரு மாசம் ஓட்டினாரு. அந்த எடம் வந்தா கண்ண மூடிக்குவாரு. ‘நீ பாருடா, நீ பாத்துச் சொல்லு’ம்பாரு. டிரைவரு கண்ண மூடினா வண்டி எப்படி ஓட்டறது? எறங்கிட்டாரு.”

தர்மராஜுக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. தம்பி முன்னறிவிப்பில்லாமல் வந்திருந்தான். அவர் அப்போது மாற்றலாகிப் போயிருந்த தூரத்துத் தோட்டத்தில், கிராணி வீட்டு முன்னறையில், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “அண்ணே, ஒரு புள்ள. நம்ம தோட்டத்துப் புள்ளதான். தெனம் காலைல லைன் ஓரமா வந்து நிக்கும், பச்சப் பாவாட கட்டிக்கிட்டு...” என்று ஆரம்பித்தான். பனி எப்படி இருக்கும் என்று சொன்னான். கேட்டுக்கு முன்னால் ஊதுவதைச் சொன்னான். தர்மராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். “போதும்டா, போதும். கெடுத்துராத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாளை எடுத்தார். திரும்பி வந்தபோது தம்பி கிளம்பியிருந்தான். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

“கதையப் படிச்சிட்டு அழுதாருங்கய்யா” என்றார் மைக்கல்ராஜ். “‘பாத்தியாடா, எங்கண்ணன் அதக் கட்டிக் குடுத்துட்டாரு’ன்னு சொன்னாரு. தெரிஞ்சே அப்படி மாத்தி எழுதினீங்க பாருங்க. பெரிய மனசு.”

அவர் பதிலுக்குக் காத்திருப்பது போலப் பார்த்தார். தர்மராஜ் மேல்துண்டைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“ஏதும் குடிச்சீங்களா?” என்று கேட்டார்.

“குடிச்சேங்கய்யா.”

*

கூடாரத்துக்குள் திரும்பியபோது உறுமி ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் கணேசமூர்த்தியின் தோளைத் தொட்டார்.

“மின்சுடலையில எடம் கேளு.”

“ஐயா?”

“இன்னிக்கே வேணும்.”

“குழி வெட்டிட்டாங்கய்யா. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சொந்தமெல்லாம் தோட்டத்துக்குன்னு...”

“கேளுய்யா.”

சொந்தத்தில் மூத்தவரான ராமகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் முறை. “என்ன தர்மா, கங்காணி வீட்டுப் பொணம் என்னிக்கு நெருப்புக்குப் போச்சு? நீயா இதச் சொல்ற? பொம்பள பேச்சக் கேட்டா?”

“நான் சொல்றேண்ணே.”

“காரணம் வேணாமா? நாளைக்கு ஊரு கேக்கும்ல?”

“கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

ராமகிருஷ்ணன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, தர்மராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார். அங்கே அவர் குரல் உயர்ந்தது. இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். “கடேசி காலத்துல புத்தி மாறிப் போச்சு லா இவருக்கு” என்று ஒரு குரல் தெளிவாகவே கேட்டது. தர்மராஜ் முதுகை வளைக்காமல் நின்று கேட்டுக்கொண்டார்.

நீலாவதி தலையைத் திருப்பவில்லை. பெட்டியின் விளிம்பில் வைத்திருந்த அவள் கை மட்டும் மெல்ல நகர்ந்து மாயாண்டியின் நெற்றியில் அமர்ந்தது.

நான்கு மணிக்கு இடம் கிடைத்தது. நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். கணேசமூர்த்தி மைக்கை நீட்டினார். “குடும்பத்தின் மூத்தவர், எழுத்தாளர் ஐயா, இப்போது...”

தர்மராஜ் மைக்கை வாங்கினார். ராத்திரி கோத்து வைத்த வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. நான் உட்கார வேண்டிய இருக்கை என்று முதல் வாக்கியம் தொடங்கியது. அவர் அதைச் சொல்லவில்லை. கூடாரத்துக் கூரையில் மழைத்தூறல் விழுந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“இவன் என் தம்பி மாயாண்டி” என்றார். “ரயில் ஓட்டினவன்.”

நின்றார். மைக் கரகரத்தது.

“ஷெட்டில் இவனைத் தர்மராஜ் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் தப்பில்லை.”

மைக்கைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போனார். மலர்வளையத்தைத் தானே தூக்கினார். ஈரமும் கனமுமாக இருந்தது. ரிப்பன் வெளியே தெரியும்படி திருப்பி, பெட்டியின் கால்மாட்டில் வைத்தார். ஷெட் கிழவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

*

மின்சுடலையில் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தோட்டத்திலிருந்து குழி வெட்டியவர் போன் செய்துகொண்டே இருந்தார். வெட்டிய குழியை ராத்திரி திறந்து போடக் கூடாது. வெறுமனே மூடவும் கூடாது, அது வேறொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். ஆளுக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டை வைத்து, மூன்று கைப்பிடி மண் போட்டுத்தான் மூட வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் போய்ச் செய்ய வேண்டியது அது.

“நான் போறேன்” என்றார் தர்மராஜ்.

“பெரியப்பா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல” என்றாள் புனிதா.

“வந்து சாப்புடறேன்.”

ராமகிருஷ்ணன் பக்கத்து ஆட்கள் யாரும் கார் எடுக்க முன்வரவில்லை. மைக்கல்ராஜ் தன் பழைய காரின் கதவைத் திறந்துவிட்டார். பின்சீட்டில், செய்தித்தாளை விரித்து, ஆள் உயர வாழைத்தண்டைச் சாய்த்து வைத்தார்கள். அதன் நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கியது. இரு பக்கமும் செம்பனை. பால்மரங்கள் நின்ற இடம் எது, ஆபீஸ் நின்ற இடம் எது என்று தர்மராஜுக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. மைக்கல்ராஜ் பேசாமல் ஓட்டினார். கேட்டை நெருங்கும்போது சிவப்பு விளக்கு மின்னி, மணி அடித்து, குறுக்குக் கட்டை இறங்கியது.

மைக்கல்ராஜ் எஞ்சினை அணைத்தார். “கிழக்குக்கரை வண்டி” என்றார்.

தர்மராஜ் கதவைத் திறந்து இறங்கினார். ரயில் வந்தால் இறங்கி நின்று பார்ப்பது அவர் வழக்கம். கட்டையை ஒட்டி நின்றார். தம்பி மோட்டரை நிறுத்திக்கொண்டு நின்றதும் இதே இடத்தில்தான், அந்தச் சிமெண்டுக் கல்லுக்குப் பக்கத்தில். கேட்டுக்கு அந்தப் பக்கம் பாதை வளைந்து மேட்டில் ஏறியது. மேட்டில் யாரோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

செம்பனை இலைகளுக்கு இடையில் முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு ஹார்ன். நீளமாக ஒன்று, உடனே இன்னொன்று, பிறகு விடாமல் ஒன்று. வளைவைத் தாண்டி எஞ்சின் நேரே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் முகம் தெரிந்தது. மீசை இல்லாத, இளவயது முகம். தர்மராஜ் தன்னையறியாமல் கையைப் பாதி தூக்கினார்.

அந்த முகம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது தண்டவாளத்தின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தது. பார்வை அவர்மேல் வந்து நின்றது. நகரவில்லை.

அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. மங்கிய வெளிச்சத்தில், வெள்ளை வேட்டியில், லைனுக்கு மிக அருகில், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவன்.

ஹார்ன் நிற்காமல் ஒலித்தது. தர்மராஜ் கையைக் கீழே போட்டார். ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்னால் நகர்ந்து, கார்க் கதவில் முதுகு முட்டும்வரை போய், அசையாமல் நின்றார்.